பனியன் கம்பெனியில பர்ஸ்ட் எய்டும் எமர்ஜென்சி பிளானும்: 108 வந்து சேர்ற வரைக்கும் யார் என்ன பண்ணணும்

திருப்பூர்ல எந்த எக்ஸ்போர்ட் யூனிட்டுக்குள்ள போனாலும் சுவத்துல பர்ஸ்ட் எய்டு பாக்ஸ் மாட்டியிருக்கும், பயர் சிலிண்டர் தொங்கும், அதுக்குக் கீழ மஞ்சள் பெயிண்ட்ல கட்டம் போட்டிருப்பாங்க, வெளிய போற வழிக்கு மேப் லேமினேட் பண்ணி ஒட்டியிருப்பாங்க. ஆர்டர் கொடுக்கற வெளிநாட்டு பையர் ஆடிட் பண்ண ஆள் அனுப்பறதால இதெல்லாம் இருக்கு, நல்லதுதான். ஆனா ஓவர்லாக் மெஷின்ல உக்காந்திருக்கிற அக்காகிட்ட போய் "பக்கத்து டேபிள்ல ஒருத்தங்க பேச்சு மூச்சு இல்லாம விழுந்துட்டா முதல்ல என்னங்க பண்ணுவீங்க"ன்னு கேட்டுப் பாருங்க. சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன்னு சொல்லுவாங்க. சூப்பர்வைசர் மேனேஜரைக் கூப்பிடுவாரு, மேனேஜர் டிரைவரைத் தேடுவாரு, டிரைவர் டெலிவரிக்குப் போயிருப்பாரு. இதயம் நின்னு போச்சுன்னா நாலஞ்சு நிமிஷத்துலயே மூளை கெட ஆரம்பிச்சிரும், அந்த நாலஞ்சு நிமிஷம் இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே போயிரும்.

அதனால பிளான் போடும்போது ஒரே ஒரு கேள்விய மனசுல வச்சுக்கங்க: அடிபட்டவருக்குப் பக்கத்து டேபிள்ல இருக்கறவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும், என்ன பொருள் கைக்கு எட்டணும். இங்க எழுதியிருக்கறது 30 பேர்ல இருந்து 300 பேர் வரைக்கும் வேலை செய்யற கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் யூனிட்டுகளுக்கு. சாயப்பட்டறைக்கு இன்னும் நிறைய வேணும், ஒரு விஷயம் மட்டும் கீழ சொல்லியிருக்கேன்.

முதல்ல பாக்ஸ்

1948-ல போட்ட பேக்டரி சட்டத்தோட 45-வது பிரிவுலயே இது தெளிவா இருந்துச்சு, 2025 நவம்பர்ல அந்தச் சட்டத்துக்குப் பதிலா புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துருச்சு, ஆனாலும் பழைய கணக்கை மனசுல வச்சுக்கங்க. 150 பேருக்கு ஒரு பாக்ஸாவது இருக்கணும், வேலை நேரம் பூரா கைக்கு எட்டணும், அதுக்குள்ள வைக்கச் சொன்ன பொருளைத் தவிர வேற எதுவும் வைக்கக்கூடாது, ஒவ்வொரு பாக்ஸுக்கும் பர்ஸ்ட் எய்டு சர்டிபிகேட் வச்சிருக்கிற ஒரு பொறுப்பான ஆள் ஷிப்ட் நேரம் முழுக்க இருக்கணும். 500 பேருக்கு மேல இருந்தா ஆம்புலன்ஸ் ரூமே தனியா வேணும். இதுல "கைக்கு எட்டணும்"ங்கறதைத்தான் நிறைய இடத்துல கோட்டை விடுறாங்க. பஞ்சு காணாம போகுது, பேண்டெய்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்கன்னு பூட்டு போட்டு சாவிய ஆபீஸ் ரூம்ல வச்சிருவாங்க. நைட் ஷிப்ட்ல ஆபீஸ் ரூமே பூட்டியிருக்கும். நாலு பேண்டெய்டு போனா போகுதுங்க, பூட்டை எடுத்துருங்க. காணாம போறது பிரச்சனையா இருந்தா ஒரு பேப்பர் சீல் ஒட்டுங்க, கிழிச்சா தெரியும், கிழிக்க ஒரு செகண்டுதான்.

கட்டிங் செக்ஷனுக்குன்னு தனியா ஒரு பாக்ஸ் கண்டிப்பா வைங்க, 150 கணக்கெல்லாம் பாக்காதீங்க, பெரிய வெட்டுக்காயம் வர்றது அங்கதான். அதுல பெரிய சைஸ் ஸ்டெரைல் பேடு, ரோலர் பேண்டேஜ், கிளவுஸ், கத்தரி, சுத்தமான பிளாஸ்டிக் கவர் இதெல்லாம் நிறைய இருக்கணும். தலைவலி மாத்திரை, வயித்துவலி மாத்திரைன்னு பாக்ஸ்ல போட்டு வைக்காதீங்க, யாருக்கு எது ஒத்துக்காதுன்னு உங்களுக்குத் தெரியாது. மாசம் ஒரு தடவை எக்ஸ்பயரி தேதி பாக்கறதுக்கு ஒரு ஆளோட பேரை எழுதி ஒட்டிருங்க. எல்லாரும் பாத்துக்குவாங்கன்னு விட்டா யாரும் பாக்க மாட்டாங்க.

யாரை டிரெயினிங் அனுப்பறது

வழக்கமா எச்ஆர், டைம் ஆபீஸ் ஆளு, ஸ்டோர் கீப்பர்னு மூணு பேரை அனுப்பி சர்டிபிகேட் வாங்கி ஃபைல்ல போட்டுருவாங்க. மூணு பேருமே கீழ் தளத்துல இருப்பாங்க, மூணு பேருமே ஜெனரல் ஷிப்ட். இது பத்தாது. ஒவ்வொரு தளத்துலயும், ஒவ்வொரு ஷிப்ட்லயும் குறைஞ்சது ரெண்டு பேர் இருக்கற மாதிரி பாருங்க, ஏன்னா ஒருத்தர் லீவு போட்டாலும் இன்னொருத்தர் இருக்கணும். தையல் செக்ஷன்ல பெண்கள்தான் அதிகம், அதனால பெண்களைக் கண்டிப்பா சேருங்க, மயங்கி விழுந்த பொண்ணோட துணியைத் தளர்த்தணும்னா ஆம்பளைங்க தயங்கி நின்னுருவாங்க. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பசங்க வேலை செய்யற லைன்ல அவங்கள்லயே ஒருத்தரை எடுங்க. வலியில துடிக்கிறவங்களுக்குத் தெரியாத மொழியில "கையை மேல தூக்கு, அசையாத"ன்னு சொன்னா ஏறாது.

நிதானமான ஆளா பாத்து எடுக்கறது முக்கியம். ரத்தத்தைப் பாத்தா தலை சுத்துதுன்னு சொல்றவங்களை கட்டாயப்படுத்தாதீங்க, அவங்களுக்கு 108-க்கு போன் பண்ற வேலையக் கொடுங்க, அதுவும் பெரிய வேலைதான்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்தியன் ரெட் கிராஸ் ரெண்டு பேருமே பர்ஸ்ட் எய்டு பயிற்சி கொடுக்கறாங்க. கேக்கும்போதே ரெண்டு விஷயம் பேசிருங்க. ஒண்ணு, பொம்மைய வச்சு ஒவ்வொருத்தரும் தன் கையால நெஞ்சை அழுத்திப் பாக்கணும், வெறும் ஸ்லைடு ஷோ வேண்டாம். ரெண்டு, நம்ம யூனிட்ல நடக்கற விபத்து என்னென்னன்னு முன்னாடியே எழுதிக் கொடுங்க, பாம்புக்கடிக்கும் நீர்ல மூழ்கினதுக்கும் ஒரு மணி நேரம் போயிட்டு ஊசி குத்துனதுக்கு அஞ்சு நிமிஷம்தான் மிச்சம்னு ஆகிடக்கூடாது. டிரெயினிங் நாளுக்கு முழு சம்பளம் கொடுத்துருங்க, பீஸ் ரேட்ல ஓடுறவங்களுக்கு அன்னிக்கு வருமானம் போச்சுன்னா மனசு பூரா அங்கதான் இருக்கும்.

அடிக்கடி நடக்கறதும் அதுக்கு பண்ண வேண்டியதும்

ஊசி விரல்ல ஏறுறது. தையல் லைன்ல இதுதான் ரொம்ப சகஜம், அதனாலயே அலட்சியமும் ஜாஸ்தி. விரல் ஊசியில மாட்டிக்கிட்டா கையை இழுக்கத்தான் தோணும், இழுத்தா ஊசி உள்ளயே உடையும். முதல்ல மெஷின் சுவிட்சை ஆஃப் பண்ணணும், பெடல்ல இருந்து காலை எடுக்கணும், மோட்டார் சுத்தறது முழுசா நின்னதும் பக்கத்துல இருக்கறவங்க வீலைக் கையால மெதுவா திருப்பி ஊசிய மேல தூக்கணும். அப்புறம் ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணி வச்சு அழுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போய் டிடி ஊசி தேவையான்னு கேட்டுருங்க. ஊசி உடைஞ்சிருந்தா இன்னொரு வேலை இருக்கு. உடைஞ்ச ஊசியோட துண்டு எல்லாத்தையும் பொறுக்கி ரெஜிஸ்டர்ல ஒட்டற பழக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல ஏற்கனவே இருக்கு, துணியில துண்டு போயிடக்கூடாதுன்னு பையர் கேக்கறதால. அதே துண்டுகளைச் சேத்து வச்சு முழு ஊசி வருதான்னு பாருங்க. நுனி குறையுதுன்னா அது விரலுக்குள்ள இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்காம விடாதீங்க. ஊக்கு, பின் வச்சு நோண்டி எடுக்கவே கூடாது.

கட்டிங் மெஷின்ல வெட்டு. ஸ்டீல் கண்ணி கிளவுஸ் போட்டா பெரும்பாலும் தப்பிச்சிரலாம், வேகம் குறையுதுன்னு கழட்டி வச்சுட்டு வெட்டுறப்பதான் நடக்குது. ரத்தம் கொட்டுச்சுன்னா பேடு வச்சு நல்லா அழுத்திப் பிடிங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, நனைஞ்சா அதுக்கு மேலயே இன்னொரு பேடு வச்சு அழுத்துங்க, கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. காப்பித்தூள், மஞ்சத்தூள் எதுவும் போடாதீங்க. விரல் துண்டாயிருச்சுன்னா அந்தத் துண்டைத் தேடி எடுக்கறதுக்குன்னே ஒரு ஆளை விடுங்க, அழுக்கா இருந்தா சுத்தமான தண்ணியில லேசா அலசி, ஈரமான சுத்தமான துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு கவருக்குள்ள வைங்க. விரல் ஐஸ் மேல நேரா படவே கூடாது, பட்டா சதை செத்துப் போகும். கோயம்புத்தூர்ல கங்கா ஆஸ்பத்திரி மாதிரி விரலை ஒட்ட வைக்கிற இடம் பக்கத்துலயே இருக்கறது நம்ம ஊருக்குப் பெரிய வசதி, ஆனா துண்டைச் சரியா கொண்டு போனாத்தான் அவங்களாலயும் ஏதாவது பண்ண முடியும். ஐஸ் எந்தக் கடையில கிடைக்கும்னு இப்பவே பாத்து வச்சுக்கங்க.

அயர்ன் பாக்ஸ், ஸ்டீம், பாய்லர் சூடு பட்டா குழாயைத் திறந்து அடியில காட்டுங்க, 20 நிமிஷம். ரெண்டு நிமிஷத்துல எரிச்சல் குறைஞ்சிருச்சுன்னு எடுத்துருவாங்க, தோலுக்கு அடியில சூடு இன்னும் இருக்கும். வீக்கம் வர்றதுக்கு முன்னாடி வளையல், மோதிரம், வாட்ச்சைக் கழட்டிருங்க. டூத்பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம்.

செக்கிங்ல கறை எடுக்கற ஸ்ப்ரே கண்ணுல தெறிச்சா கண்ணைத் திறந்து வச்சு 15, 20 நிமிஷம் தண்ணி ஓடவிடணும், தேய்க்கக்கூடாது, போகும்போது அந்தக் கெமிக்கல் டப்பாவோட லேபிளை போட்டோ எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முதல்ல கேக்கறது அதைத்தான்.

மயக்கம் நிறைய வரும், அதுவும் காலையில சாப்பிடாம வர்ற பிள்ளைங்களுக்கு. படுக்க வச்சு காலைத் தூக்கி வைங்க, காத்து வர விடுங்க. முழு நினைவு வர்ற வரைக்கும் சோடா, தண்ணி எதுவும் வாயில ஊத்தாதீங்க. வலிப்பு வந்தா கையில சாவி கொடுக்கறதை இன்னிக்கோட விட்டுருங்க, இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்ல. சுத்தி இருக்கற கத்தரி, ஸ்டூலை நகத்துங்க, தலைக்கடியில துணி பண்டில் வைங்க, வாயில எதுவும் திணிக்காதீங்க, கைகால அமுக்காதீங்க, மணியப் பாத்துக்கங்க. நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா 108.

நெஞ்சுவலிய "வாயுங்க, கொஞ்சம் இஞ்சி தின்னா சரியாயிடும்"னு விடாதீங்க. நெஞ்சை அழுத்துது, இடது கை வலிக்குது, வேர்த்துக் கொட்டுதுன்னா இருக்கற இடத்துலயே உக்கார வைங்க, மாடிப்படி இறங்க வைக்காதீங்க. ரெண்டு பேருக்கு நடுவுல வச்சு பைக்ல கூட்டிட்டுப் போறதை நம்ம ஊர்ல அடிக்கடி பாக்கலாம், பாதி வழியில நினைவு போச்சுன்னா பைக் மேல எதுவுமே பண்ண முடியாது.

சிபிஆர் (இதயம் நின்னவங்களுக்கு நெஞ்சை அழுத்தறது), இதை மட்டும் எல்லாருக்கும்

மத்ததெல்லாம் டிரெயினிங் போன ஆளுங்களுக்குப் போதும், இது மட்டும் வாட்ச்மேன்ல இருந்து முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் தெரியணும். தட்டிக் கூப்பிட்டாலும் அசைவு இல்ல, மூச்சு இல்ல, இல்லைன்னா விட்டு விட்டு இழுக்குதுன்னா தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. துணி குவியல் மேல வேண்டாம், அமுங்கிப் போயிரும். நெஞ்சுக்கு நடு எலும்போட கீழ் பாதியில ஒரு உள்ளங்கை அடிப்பாகம், அதுக்கு மேல இன்னொரு கை, முழங்கை மடங்காம, தோள் நேரா கைக்கு மேல இருக்கணும், உடம்பு எடையப் போட்டு 5-ல இருந்து 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்தி முழுசா விடணும், நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தடவை. டிரெயினிங் எடுத்தவங்க 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம், தெரியாதவங்க நிறுத்தாம அழுத்தினாலே போதும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுங்க, நல்ல பலசாலிக்கே கை தளர்ந்துரும். எலும்பு உடைஞ்சிருமோன்னு பயப்படுவாங்க, உடைஞ்சாலும் ஒட்டும், நிறுத்தினா உயிர் போயிரும்னு புரிய வைங்க.

ஓடிப் போய் தொடக்கூடாத ரெண்டு இடம்

கரண்ட். ஒருத்தர் ஷாக் அடிச்சு ஒட்டிக்கிட்டா தொடாதீங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க. இங்க ஒரு சிக்கல் இருக்கு: ஈபி மெயினை இறக்கினதும் ஆட்டோமேட்டிக் ஜெனரேட்டர் தானா ஓட ஆரம்பிச்சு திரும்ப கரண்ட் வந்துரும். அதனால எந்த செக்ஷனுக்கு எந்த பிரேக்கர்னு பெருசா எழுதி ஒட்டி, ஜெனரேட்டர், யூபிஎஸ், சோலார் எல்லாத்தோட கட்டாஃபும் எங்கன்னு ஒவ்வொரு ஷிப்ட்லயும் நாலு பேருக்குக் காட்டி வைங்க, எலெக்ட்ரீஷியன் ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா போதாது.

தொட்டி. செப்டிக் டேங்க்கோ சாயக்கழிவுத் தொட்டியோ, உள்ள இறங்கின ஆள் விழுந்துட்டா காப்பாத்தப் போறவரும் விழுவாரு, அவரைத் தூக்கப் போற மூணாவது ஆளும் விழுவாரு. நம்ம மாநிலத்துல இப்படிப் போன உயிர் கொஞ்சநஞ்சமில்ல. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமா இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் வரும், அளவு கூடினா மூக்கே மரத்துப் போய் நாத்தம் தெரியாது, நாத்தம் இல்லைன்னு நினைச்சு இறங்குவாங்க. மூக்குல துணி கட்டினா இதைத் தடுக்காது. மேல இருந்தே 101 (தீயணைப்பு), 108 ரெண்டுக்கும் போன் போடுங்க, யாரையும் இறங்க விடாதீங்க, அவங்க கூடப் பொறந்தவங்களா இருந்தாலும் பிடிச்சு வைங்க. செப்டிக் டேங்க்ல பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கி சுத்தம் பண்ண வைக்கிறது 2013 சட்டப்படி குற்றமும் கூட.

தீ, வழி, தலை எண்ணுறது

பஞ்சுத் தூசி, கட்பீஸ் மூட்டை, அட்டைப்பெட்டி, பாலித்தீன் கவர், இது அத்தனையும் எரியற சாமான். 2012 நவம்பர்ல வங்கதேசத்துல தஸ்ரீன் கார்மெண்ட்ஸ்ல 100 பேருக்கு மேல செத்தாங்க, அலாரம் அடிச்சும் வேலையப் பாருங்கன்னு உக்கார வச்சதும், வழி அடைஞ்சு கிடந்ததும்தான் சாவைக் கூட்டுச்சு. அதுக்கு 100 வருஷம் முன்னாடி 1911-ல நியூயார்க்ல டிரையாங்கிள் கம்பெனியில 146 பேர் போனதும் கதவு பூட்டியிருந்ததாலதான். நம்ம பக்கம் 2012 செப்டம்பர்ல சிவகாசி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில செத்தவங்கள்ல நிறைய பேர் வெளிய இருந்து உதவி பண்ணவும் பாக்கவும் வந்தவங்க. அதனால தீன்னா உள்ள இருக்கறவங்களை வெளிய கொண்டு வர்றதும் வெளிய இருக்கறவங்களை உள்ள விடாம நிறுத்தறதும் ரெண்டுமே பிளான்ல இருக்கணும், கேட்ல இதுக்குன்னே ஒரு ஆள்.

ஷிப்மெண்ட் நெருங்கினா ரெண்டாவது மாடிப்படியில கார்ட்டன் பாக்ஸ் அடுக்கிருவாங்க, எந்த கம்பெனியிலயும் இது நடக்கும். ஷிப்மெண்ட் வாரத்துல தினம் ரெண்டு தடவை படிய நடந்து பாக்கற பொறுப்பை பேக்கிங் சூப்பர்வைசர்கிட்டயே கொடுங்க. நைட் ஷிப்ட்ல ஷட்டரை வெளிய பூட்டறது, ஹாஸ்டல் கேட்டைப் பூட்டறது இதை எந்தக் காரணம் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. எக்ஸ்டிங்குஷர் முள்ளு பச்சையில இருக்கான்னு பாருங்க, பின்னை இழுத்து, தீயோட அடிப்பாகத்தைப் பாத்து, அழுத்தி, இடம் வலமா வீசணும், சின்னத் தீக்குத்தான் அது, சில செகண்ட்ல காலியாயிரும், முதுகுப் பக்கம் எப்பவும் வெளிய போற வழி இருக்கணும். பேனல் போர்டுல தண்ணி அடிக்காதீங்க.

வெளிய வந்ததும் எண்ணணும். அட்டெண்டன்ஸ் மெஷின் உள்ள மாட்டிக்கும், காண்ட்ராக்டர் ஆளுங்க பேரு அதுல இருக்கவும் இருக்காது. ஷிப்ட் ஆரம்பிச்சதும் ஒவ்வொரு லைன்லயும் எத்தனை பேருன்னு சூப்பர்வைசர் ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டா போதும், லோடு ஏத்த வந்தவங்க, குழந்தையக் கூட்டிட்டு வந்தவங்க உட்பட. வருஷத்துல ரெண்டு டிரில்லாவது வைங்க, சம்பள நாள் சனிக்கிழமையில எல்லாரும் வந்திருப்பாங்க. ஒரு படியை வேணும்னே கயிறு கட்டி மறிச்சுட்டு டிரில் நடத்துங்க, அப்பத்தான் இன்னொரு படி எங்க இருக்குன்னு பாதி பேருக்குத் தெரியாததே வெளிய வரும்.

108-க்குப் பேசறது

சந்துக்குள்ள சந்துல யூனிட் இருக்கும், போர்டுல இருக்கற பேரு ஒண்ணு, ஊர் கூப்பிடற பேரு ஒண்ணு. அதனால விலாசம், பக்கத்து பஸ் ஸ்டாப், தெரிஞ்ச அடையாளம், பெரிய வண்டி வர்ற வழி எது, இதைத் தமிழ்லயும் இந்தியிலயும் எழுதி போன் பக்கத்துலயும் ஒவ்வொரு தளத்துலயும் ஒட்டுங்க. என்ன ஆச்சு, எத்தனை பேரு, நினைவு இருக்கா, மூச்சு இருக்கா, இதைச் சொல்லணும், அவங்க வைக்கச் சொல்ற வரைக்கும் போனை வைக்கக்கூடாது. ஒருத்தர் தெரு முக்குல போய் நிக்கணும், ஒருத்தர் கேட்டைத் திறந்து லோடு வண்டிய நகத்தணும். ஸ்ட்ரெச்சர் உங்க படியில திரும்புமான்னு ஒரு தடவை அளந்து பாத்துருங்க.

கூடப் போற ஆளு அடிபட்டவரோட ஈஎஸ்ஐ நம்பர், ஆதார் காப்பி, வீட்டு நம்பர் எடுத்துட்டுப் போகணும், வட மாநிலப் பசங்களுக்கு ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க நம்பரையும் வேலைக்குச் சேரும்போதே வாங்கி வைங்க. விபத்தை ஈஎஸ்ஐ-யில உடனே பதிஞ்சுருங்க, தள்ளிப் போட்டா பணம் வர்றதுல அவங்கதான் கஷ்டப்படுவாங்க. வேலைக்கு வர்ற வழியிலயோ வீட்டுக்குப் போற வழியிலயோ நடந்த விபத்தும் வேலை விபத்தாவே ஈஎஸ்ஐ-யில எடுத்துக்கலாம், இது தெரியாம நிறைய குடும்பம் விட்டுருது. ரோட்டு விபத்துன்னா முதல் 48 மணி நேரத்துக்கு தமிழ்நாடு அரசோட நம்மைக் காக்கும் 48 திட்டத்துல அதுக்குன்னு இருக்கற ஆஸ்பத்திரிகள்ல இலவச சிகிச்சை உண்டு, கூட்டிட்டுப் போனவங்க பேரு, விலாசம் சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

கடைசியா ரெஜிஸ்டர். சின்னக் காயம்னாலும் தேதி, மணி, மெஷின் நம்பர், என்ன பண்ணினோம்னு எழுதுங்க, மாசக் கடைசியில மெக்கானிக்கையும் லைன் சூப்பர்வைசரையும் உக்கார வச்சு படிங்க. ஒரே மெஷின்ல திரும்பத் திரும்ப ஊசி ஏறியிருந்தா அந்த மெஷினோட ஃபிங்கர் கார்டை, அதாவது விரல் ஊசிக்கு அடியில போகாம தடுக்கற தடுப்பைப் போய் பாருங்க, பெரும்பாலும் நூல் கோக்க இடைஞ்சலா இருக்குன்னு யாரோ கழட்டி டிராயர்ல போட்டிருப்பாங்க. அதை அன்னிக்கே மாட்டிட்டு, இடைஞ்சல் இல்லாத மாடல் கார்டு இருக்கான்னு மெக்கானிக்கை விசாரிக்கச் சொல்லுங்க.